பட்டைக் கஷாயமும் பால்மரக் காடும்

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலி கட்டிப் பாதுகாக்கப்படும் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ 1877-இல் ஒன்பது ரப்பர் கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார். அவற்றில் எஞ்சி நிற்பது இந்த மரம் என்று சொல்வார்கள்.

இந்த மரத்துக்கு ஒரு கூட்டாளி உண்டு. அதன் பெயர் சின்கோனா. அதுவும் தென்னமெரிக்காவில் பிறந்தது. அதுவும் பட்டைக்காகவே மதிக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஆசியாவுக்குக் கொண்டுவரத் திட்டம் போட்டவர்கூட ஒருவர்தான்: லண்டனில் இந்திய விவகார அலுவலகத்தில் பணியாற்றிய கிளெமென்ட்ஸ் மார்க்கம். 1860-இல் சின்கோனாவைத் தேடி ஆண்டிஸ் மலைக்குப் போனவர் அவர். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றியதும் அவர் தொடங்கிவைத்த முயற்சியின் பலன்தான்.

நம் தாத்தா பாட்டிமார் பேராக்கின் தோட்டங்களில் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டினார்கள். அந்த வேலையில் நீடிக்க, சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வந்த கசப்பை விழுங்கினார்கள். கொயினா என்று அவர்கள் சொன்னது அந்தக் கசப்பைத்தான்.

காய்ச்சல் வந்தால் பட்டை போட்டுக் கஷாயம் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வேப்பம்பட்டை, மருதம்பட்டை, கறுவாப்பட்டை என்று அடுக்களையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் பட்டைகள் உண்டு. ஈப்போ பழைய நகரத்துச் சீன மருந்துக் கடைக்குப் போனாலும் இழுப்பறை இழுப்பறையாகப் பட்டைகளைப் பார்க்கலாம். இவையெல்லாம் உண்மையில் வேலை செய்கின்றனவா? 'ஆம்' என்று ஒரேயடியாகச் சொல்வதும் தவறு, 'எல்லாம் மூடநம்பிக்கை' என்று தள்ளுவதும் தவறு. பட்டைகளில் ஒன்றின் கதையை மட்டும் ஆரம்பம் முதல் முடிவு வரை நாம் அறிவோம். ஆகவே அதை வைத்தே மற்றவற்றைப் பார்ப்போம்.

பட்டைக்குள் என்ன இருக்கிறது?

மரத்தின் பட்டை வெறும் போர்வை அல்ல. வெளியே இருக்கும் சொரசொரப்பான பகுதி இறந்த செல்களால் ஆனது. அதற்கு உள்ளே ஈரமாக, உயிரோடு இருக்கும் அடுக்குதான் புளோயம். இலையில் தயாரான சர்க்கரை இந்த வழியாகத்தான் வேர்வரை போகிறது. அதற்கும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக கேம்பியம் என்ற வளர் அடுக்கு இருக்கிறது. புதிய பட்டையையும் புதிய மரக்கட்டையையும் உண்டாக்குவது அதுவே.

சர்க்கரை ஓடும் குழாய் என்றால் திருட வருபவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? பூச்சி, பூஞ்சை, பாக்டீரியா, பட்டையைக் கடிக்கும் விலங்குகள் எல்லாம் இந்த அடுக்கைக் குறிவைக்கின்றன. மரத்தால் ஓடிப்போக முடியாது. அதனால் பல மரங்கள் பட்டையில் தற்காப்புப் பொருள்களைச் சேர்த்துவைக்கின்றன. ரப்பர் மரத்தின் பாலும் அப்படி ஒன்றே. கடிக்கும் பூச்சியின் வாயை அது ஒட்டவைத்துவிடும். வேறு மரங்கள் டானின் என்ற துவர்ப்புப் பொருளையோ, ஆல்கலாய்டு என்ற கசப்புப் பொருளையோ வைத்திருக்கின்றன. நாம் மருந்து என்று குடிப்பது பெரும்பாலும் மரம் தன் எதிரிக்கு வைத்த விஷத்தைத்தான். கொஞ்சமாக எடுத்துக்கொண்டால் நமக்குப் பயன்படலாம். அளவு மிஞ்சினால் நாமும் அந்த எதிரிகளின் வரிசையில் சேர்ந்துவிடுவோம்.

தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பால் வெட்டுவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பால் குழாய்கள் கேம்பியத்தை ஒட்டியே அதிகம் இருக்கின்றன. ஆழமாக வெட்டினால் பால் கூடும். ஆனால் உளி கேம்பியத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி வெட்ட முடியாது. கேம்பியத்துக்குச் சற்று வெளியே நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மட்டும் சீவ வேண்டும். அதுவும் விடியுமுன், இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து பால் குழாயில் அழுத்தம் குறையும், மங்கில் விழும் பால் குறையும் என்பதால்தான் அந்த அதிகாலை வேலை. உயிரியல் பாடம் படிக்காமலே கேம்பியம் எங்கே இருக்கிறது என்று கை அறிந்தவர்கள் அவர்கள்.

ஆண்டிஸிலிருந்து நீலகிரிக்கு

சின்கோனாப் பட்டை ஐரோப்பாவுக்குப் போனது 17-ஆம் நூற்றாண்டில். பெருவில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் அதைக் கொண்டுபோனதால் 'பாதிரியார் பட்டை' என்றே பெயர் வந்தது. அப்போது அதைப் பொடித்துத் திராட்சை மதுவில் கலக்கிக் கொடுத்தார்கள். ஏன் வெறும் நீரில் கொதிக்கவைக்கவில்லை? பட்டையிலுள்ள ஆல்கலாய்டுகள் நீரில் எளிதாகக் கரைவதில்லை. மதுசாரத்திலும் அமிலத்திலும் நன்றாகக் கரையும். மது இரண்டும் கலந்த நீர்மம். காரணம் தெரியாமலேயே சரியான கரைப்பானைப் பிடித்துவிட்டார்கள்.

1820-இல் பாரிஸில் பெல்லெட்டியே, கவாந்து என்ற இரண்டு மருந்தாளர்கள் பட்டையிலிருந்து குயினைனைத் தனியே பிரித்தெடுத்தார்கள். மருத்துவ வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதுவரை 'ஒரு பிடி பட்டை' என்று அளந்தார்கள். அதன்பிறகு எடை போட்டுக் கொடுக்க முடிந்தது.

ஆங்கிலேயர்கள் சின்கோனாவை நட்ட இடங்களில் நமக்குத் தெரிந்த பெயர் ஊட்டி. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் உருவாயின. ஊட்டி தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் வில்லியம் மெக்ஐவர் அவற்றைப் பார்த்துக்கொண்டார். பட்டைக்காக மரத்தை வெட்டிச் சாய்ப்பதே ஆண்டிஸில் வழக்கமாக இருந்தது. மெக்ஐவர் வேறு வழி கண்டார். மரத்தை நிற்கவிட்டு, பட்டையை நீளவாக்கில் பட்டி பட்டியாக மட்டும் உரித்தார். உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். பாசிக்கு அடியில் புதிய பட்டை வளர்ந்தது. ரப்பரில் பின்னாளில் நம்மவர்கள் கைக்கு வந்த அதே பாடம்: உள் அடுக்கைக் காப்பாற்றினால் மரம் மறுபடி தரும். மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் புளோயம் முழுவதும் அறுந்து, வேர் பட்டினி கிடந்து மரம் செத்துவிடும்.

நடுவட்டத்துக்கும் நம் பகுதிக்கும் ஒரு விநோதமான தொடர்பு உண்டு. பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் சிறை இடம் போதாமல் சீனக் கைதிகளை மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலர் நீலகிரிக்கு வந்து சின்கோனாத் தோட்டங்களில் உழைத்தார்கள். விடுதலையான பின் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்த ஒரு சிறு குடியிருப்பைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் என்ற மானுடவியலாளர் எழுதியிருக்கிறார். தமிழர்கள் கப்பலேறி இங்கே வந்த கதை நமக்குத் தெரியும். எதிர்த்திசையிலும் ஒரு கப்பல் போயிருக்கிறது.

நீலகிரியில் நன்றாக வளர்ந்தது சிவப்புப் பட்டை சின்கோனா. அதில் குயினைன் குறைவு. ஆனால் அதன் உறவினர்களான குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் ஆகியவையும் சேர்ந்திருந்தன. இவை காய்ச்சலைக் குணப்படுத்துமா என்று கேள்வி எழுந்தபோது வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. 1866 முதல் 1868 வரை மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களில் மருத்துவக் குழுக்கள் அமைத்து நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். நான்குமே கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தருகின்றன என்று தெரிந்தது. என்னைக் கேட்டால், சின்கோனாவின் கதையில் கப்பலையும் கடத்தலையும்விட முக்கியமான இடம் இதுதான். 'என் பாட்டிக்குக் குணமானது' என்பதற்கும் 'இத்தனை பேருக்குக் கொடுத்தோம், இத்தனை பேருக்குக் குணமானது' என்பதற்கும் உள்ள தூரத்தை அன்று கடந்தார்கள்.

கடைசியில் சந்தையைப் பிடித்தது நீலகிரி அல்ல, ஜாவா. பொலிவியாவின் அய்மாரா இனத்தைச் சேர்ந்த மானுவேல் இங்க்ரா மமானி என்பவர், பட்டை மரங்களைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்லக்கூடியவர். அவர் சேகரித்த விதைகளைச் சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் வாங்கி 1865-இல் லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் அரசு அக்கறை காட்டவில்லை. டச்சுக்காரர்கள் ஒரு சிறு பொட்டலத்தை வாங்கினார்கள். அந்த விதையில் வந்த மரங்களில் குயினைன் மற்ற வகைகளைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகின் குயினைனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்து வந்தது. மமானிக்குக் கிடைத்தது சிறையும் அடியும். விடுதலையான சிறிது காலத்தில் அவர் இறந்துபோனார். மரத்தின் அறிவியல் பெயரில் லெட்ஜர் இருக்கிறார், மமானி இல்லை.

காடு அழிந்தது, கொசு வந்தது

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். 1900-களின் தொடக்கத்தில் ரப்பருக்காகக் காடுகளை வெட்டியபோது குளிர்காய்ச்சல் லயங்களில் புகுந்தது. மலேரியாவை அனோபிலஸ் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் காட்டியிருந்தார். 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவைப் பயன்படுத்தினார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, புதர்களை நீக்கினார். கிள்ளான் நகரிலும் அதன் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

அப்படியானால் எல்லா இடத்திலும் காட்டை வெட்டி வடிகால் போட்டால் போதுமே? மலைப்பாங்கான தோட்டங்களில் அப்படிச் செய்தபோது மலேரியா குறையவில்லை, கூடியது. வாட்சனைக் குழப்பிய புதிர் இது. விடை கொசுவின் வகையில் இருந்தது. கடலோரச் சதுப்பில் இருந்தது நிழலை விரும்பும் அனோபிலஸ் அம்புரோசஸ். மலையோரத்தில் இருந்தது அனோபிலஸ் மாக்குலாட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் அது முட்டையிடும். மரங்களை வெட்டி ஓடையில் வெயிலை விழவைத்ததும், நீரைத் தெளிந்த கால்வாயாக ஓடவிட்டதும் அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. பேராக்கில் மலைத்தொடர்களின் அடிவாரத்தில் கிடந்த தோட்டங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகை நிலம். ஆகவே மலைப்பகுதியில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தினார்கள், அல்லது நீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள்.

இதெல்லாம் செலவு பிடிக்கும் வேலை. எல்லாத் துரைமாரும் செய்யவில்லை. பல தோட்டங்களில் எளிதாகச் செய்ய முடிந்தது கொயினா கொடுப்பது. விடியற்காலையில் பெரட்டுக்கு வரிசையாக நிற்பவர்களுக்கு டிரெசர் மருந்தைக் கொடுத்து, கண்முன்னே விழுங்கச் செய்வார். கசப்பு தாங்காமல் துப்பிவிடுவார்கள் என்பதால் அந்தக் காவல். தொடர்ந்து குடித்தால் காதில் ரீங்காரம், தலைசுற்றல், குமட்டல். இதற்கு 'சின்கோனிசம்' என்றே மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. துப்பியவர்களை அறியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் காதுக்குள் கேட்ட ரீங்காரம் பொய் அல்ல.

கொயினா உடலுக்குள் என்ன செய்கிறது? மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் மிஞ்சும் ஹீம் என்ற இரும்புப் பொருள் கிருமிக்கே விஷம். எனவே அதைப் படிகமாகத் திரட்டித் தீங்கில்லாமல் ஒதுக்கிவைக்கிறது. குயினைன் இந்தப் படிகமாக்கலைத் தடுக்கிறது. சொந்தக் குப்பையே கிருமியைக் கொல்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போனது. உலகத்துக் குயினைனின் ஊற்றே அடைபட்டது. மலாயாவில் மருந்துத் தட்டுப்பாடு கடுமையானது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காட்டில் மாண்டார்கள். காலரா, பட்டினி, அடி இவற்றோடு மருந்து கிடைக்காத மலேரியாவும் அதற்குக் காரணம். பேராக்கிலும் கெடாவிலும் பல குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை' என்று இன்றும் ஒருவரையாவது சொல்வார்கள்.

ஒரு கணக்கு போடுவோம்

சின்கோனாப் பட்டை மலேரியாவுக்கு மருந்து என்றால், அதைக் கஷாயமாக வைத்தே குடிக்கலாமே? வயது வந்த ஒருவருக்கு மலேரியாவுக்கு வழக்கமாகக் கொடுத்த குயினைன் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 600 மில்லிகிராம். நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். அதாவது ஒரு நாளுக்கு 1,800 மில்லிகிராம்.

பட்டையில் 5 விழுக்காடு குயினைன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் பட்டையில் 50 மில்லிகிராம். அப்படியானால் நாளுக்கு 36 கிராம் பட்டை வேண்டும். 2 விழுக்காடுதான் என்றால் 90 கிராம். இதுவும் பட்டையிலுள்ள அத்தனையும் நீரில் இறங்கிவிட்டால்தான். முன்பே பார்த்தோம், வெறும் நீரில் அது முழுவதும் இறங்காது. மரத்துக்கு மரம், வயதுக்கு வயது, ஒரே மரத்தில் அடிப்பட்டைக்கும் கிளைப்பட்டைக்கும் அளவு மாறும். ஒருவர் வைத்த கஷாயத்தில் மருந்து போதாமல் கிருமி தப்பிக்கும். இன்னொருவர் வைத்ததில் அளவு மிஞ்சி இதயத் துடிப்பே தடுமாறும். இரண்டு குவளையும் ஒரே நிறம், ஒரே கசப்பு. நாக்கால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை உணராமல் இல்லை. சித்த மருத்துவத்தில் குடிநீர் வைப்பதற்கு முறை உண்டு. இலையும் பூவும் என்றால் வெந்நீரில் ஊறவைத்தாலே போதும். பட்டையும் வேரும் கடினம், செல் சுவரில் லிக்னின் ஏறியிருக்கும். அதனால் இடித்து, எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காகும்வரை காய்ச்சச் சொன்னார்கள். பங்கு சொல்வதே ஒரு அளவுமுறைதான்.

ஆனால் காய்ச்சுவது எப்போதும் நல்லதா? சீனாவின் தூ யூயூ 1970-களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கு மூலிகை தேடியபோது, சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை பலன் தந்தது, ஒருமுறை தரவில்லை. கே ஹோங் என்பவர் 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பை அவர் மறுபடி படித்தார். செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தார் கே ஹோங், கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று தூ யூயூவுக்குப் பொறி தட்டியது. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தபோது கிடைத்ததுதான் ஆர்ட்டெமிசினின். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டை அவர் தூக்கியும் எறியவில்லை, அப்படியே நம்பவும் இல்லை.

மற்றப் பட்டைகள்

ஈப்போவிலிருந்து தெற்கே போனால் சிம்பாங் புலாய் வரும். புலாய் என்பது மலாய் மொழியில் ஒரு மரத்தின் பெயர். அந்த இனத்து மரம் ஒன்றைத் தமிழில் ஏழிலைப்பாலை என்போம். ஒரு கணுவில் வட்டமாக ஏழு இலைவரை நிற்கும். அதன் மரக்கட்டையில் முன்பு பள்ளிப் பலகை செய்ததால் அறிவியல் பெயரிலேயே 'ஸ்கொலாரிஸ்' என்ற சொல் இருக்கிறது. இதன் பட்டையும் படுகசப்பு. கொயினாவுக்கு மாற்று என்று 19-ஆம் நூற்றாண்டில் இதைப் புகழ்ந்தார்கள். சோதனைகள் வந்தபோது கொயினாவின் இடத்தை இதனால் பிடிக்க முடியவில்லை. கசப்பதெல்லாம் காய்ச்சல் மருந்து என்ற நினைப்பு பல மரங்களின் பட்டையை வீணாக உரித்திருக்கிறது.

அடுக்களைக் கறுவாப்பட்டையிலும் கவனிக்க ஒன்று உண்டு. இலங்கைக் கறுவா மெல்லிய தாள்களைச் சுருட்டியதுபோல் இருக்கும், கையால் நொறுக்கலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, ஒரே மடிப்பாகச் சுருண்ட பட்டை பெரும்பாலும் காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். கறிக்குப் போடும் அளவால் ஒன்றும் ஆகாது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நாள்தோறும் கரண்டிக் கணக்கில் குடித்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

மருதம்பட்டை, வேப்பம்பட்டைக் கஷாயங்களில் டானின் நிறைய உண்டு. வாய் துவர்ப்பதற்குக் காரணம் அதுவே. டானின் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் போகவிடாது. இரத்தசோகை இருப்பவர்கள் சாப்பாட்டோடு சேர்த்து இவற்றைக் குடிக்காமல் இருப்பது நல்லது. மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்பதை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். ஆனால் டாக்டர் கொடுத்த இதய மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கும் அளவுக்குச் சான்று எதுவும் இல்லை.

இன்னொரு பட்டையின் கதை சற்றுக் கவலையானது. சீன மருத்துவத்தில் ஹுவாங் பாய் என்ற மஞ்சள் பட்டை உண்டு. அதன் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டு. நம் நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளிலும் அதே பெர்பெரின் இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு ஏற்பட்ட கடும் மஞ்சள் காமாலைக்கும் மூளைப் பாதிப்புக்கும் இத்தகைய மூலிகைகள் காரணமோ என்ற கவலையால் சிங்கப்பூர் 1978-இல் பெர்பெரினையும் அது அடங்கிய சில மூலிகைகளையும் தடை செய்தது. பல ஆண்டு ஆய்வுக்குப் பின் அண்மைக் காலத்தில்தான் அந்தத் தடை விலகியது. அப்போதும் பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை நீடிக்கிறது. முக்கியமாக ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில பொருள்கள் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். உங்கள் பிறப்புப் பதிவுப் புத்தகத்தில் அதன் முடிவு இருக்கும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இந்தக் குறைபாடு மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளில்தான் அதிகம் காணப்படுகிறது. இந்த மரபணு உள்ளவர்களிடம் மலேரியாக் கிருமி அவ்வளவு எளிதாகச் செழிப்பதில்லை. மலேரியாவுக்கு உடலே கண்டுபிடித்த ஒரு கொயினா என்று சொல்லலாம், விலை சற்று அதிகம்.

நாட்டு மருந்தைப் பொட்டலமாக வாங்கும்போது உறையில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்கள், கிருமிகள், திருட்டுத்தனமாகக் கலந்த ஆங்கில மருந்து ஆகியவை இல்லை என்று பார்த்துக் கொடுக்கும் எண் அது. நோய் குணமாகும் என்பதற்கான சான்றிதழ் அல்ல.

மலேரியா போய்விட்டதா?

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவுக்குள் உள்ளூர்த் தொற்றாகப் பதிவாகவில்லை. ஆனால் குரங்கு மலேரியா இருக்கிறது. நோலெசி என்ற கிருமி நீளவால் குரங்குகளிடம் வாழ்வது. இது மனிதருக்குப் பரவலாகத் தொற்றுவதை சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் தலைமையிலான குழு 2004-இல் வெளிப்படுத்தியது. மற்ற மலேரியாக் கிருமிகள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெருகும். இது ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் பெருகும். கைவிட்ட தோட்டங்கள் காடாகத் திரும்பும் இடங்களிலும், காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கும், மலையேறப் போகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. காட்டுக்குப் போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்த்து ஒரு நாளைப் போக்க வேண்டாம். கிளினிக்கில் 'நான் காட்டுக்குப் போயிருந்தேன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலேரியாவா என்று பார்க்க ஒரு சொட்டு இரத்தம் போதும். சிகிச்சைக்கு இன்று முதலில் கொடுப்பது ஆர்ட்டெமிசினின் குடும்பத்து மருந்து. குயினைன் பின்வரிசையில் காத்திருக்கிறது.

கொயினாவை நேரில் பார்க்க ஆசையா? பேரங்காடியில் டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடா கிடைக்கும். அதன் கசப்பு குயினைன்தான். மருந்தாகாத அளவு மிகச் சிறிதாகக் கலந்திருப்பார்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் அதை ஊற்றி, விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டைச் சோதிக்கும் புறஊதா டார்ச்சை அதன்மேல் அடியுங்கள். டார்ச்சை மட்டும் யார் கண்ணிலும் அடிக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொரு குவளையில் சாதாரண நீரை வையுங்கள். நீர் அப்படியே இருக்கும். சோடா நீல நிறத்தில் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைக் குயினைன் மூலக்கூறு வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. 1845-இல் ஜான் ஹெர்ஷெல் வெயிலில் வைத்துப் பார்த்து வியந்த நீலம் இது. பிறகு குவளையில் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கி மறுபடி டார்ச்சை அடியுங்கள். ஒளி மங்கும். ஏன் என்று உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள். குளோரைடு அயனி என்று ஆரம்பிப்பார்.